இடது மார்பும் இதயமும்

சங்கரன்கோவிலிலிருந்து கதிர்வீச்சுக்குக் கிளம்பும் குடும்பத்துக்கு முதல் கவலை பஸ். தேவர்குளம், மானூர் தாண்டி திருநெல்வேலி போய்ச் சேர ஒன்றரை மணி நேரமாவது ஆகும். அங்கிருந்து ஐகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு இன்னொரு பஸ். மதுரை என்றால் செங்கோட்டை ரயில், சென்னை அடையாறு மருத்துவமனை என்றால் பொதிகை ரயில். இரண்டாவது கவலை பணம். மூன்றாவது, வீட்டில் யார் சமைப்பது. இதயத்தைப் பற்றி அநேகம் பேர் நினைப்பதே இல்லை. நினைக்கிற சிலரோ அளவுக்கு மீறிப் பயந்து, "நெஞ்சுல கரண்டு வச்சா ஹார்ட்டு போயிரும்லா" என்று பாதி சிகிச்சையில் நின்றுவிடுகிறார்கள். இந்த அத்தியாயம் இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான். பயப்பட வேண்டிய அளவு எவ்வளவு, அதைக் குறைக்க எந்த நாளில் யாரிடம் என்ன கேட்க வேண்டும், சிகிச்சை முடிந்து பல வருடம் கழித்து நெஞ்சு வலித்தால் என்ன சொல்ல வேண்டும் என்பவையே இதில் இருக்கின்றன.

இதயத்துக்குக் கதிர் எப்படிப் போகிறது

இதயம் நெஞ்சின் நடுவில் இருந்தாலும் அதன் நுனி இடப்பக்கம் சாய்ந்து, இடது மார்புக்கு நேர் பின்னால் விலா எலும்பை ஒட்டிக் கிடக்கிறது. இதயத்தின் முன்பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் முக்கியமான குழாயும் அந்த முன்சுவரில்தான் இறங்குகிறது. டாக்டர்கள் அதை எல்.ஏ.டி. என்பார்கள். மாரடைப்பு என்றதும் அவர்கள் முதலில் சந்தேகப்படும் குழாய்களில் இதுவும் ஒன்று. இடது மார்புக்குச் சாய்வாக வைக்கும் கதிரின் ஓரம் இந்தக் குழாயை உரசிக்கொண்டு போக வாய்ப்புண்டு.

உரசினால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ரத்தக்குழாயின் உள்சுவரில் சின்னச் சின்னக் காயங்கள் ஏற்பட்டு, ஆறி, தடித்துப்போகும். பி.பி., சர்க்கரை, கொழுப்பு, புகையிலை எல்லாம் அதே சுவரில் செய்கிற வேலையோடு இதுவும் சேர்ந்துகொள்ளும். அடைப்பு வர வேண்டுமென்று இருந்தால் கொஞ்சம் முன்னதாகவே வந்துவிடும். இதயத்தை மூடியிருக்கும் உறையில் அழற்சி, வால்வு இறுகுதல், துடிப்பு தப்புதல் ஆகியவையும் வரலாம். ஆனால் இன்றைய அளவுகளில் அவை அரிது.

வலது மார்பில் புற்றுநோய் வந்தவர்களுக்கு இதயத்தில் படும் அளவு இதைவிடக் குறைவு. அவர்கள் இந்த அத்தியாயத்தின் கடைசிப் பகுதிகளைப் படித்தால் போதும்.

எவ்வளவு ஆபத்து?

இந்தக் கேள்விக்கு நல்ல பதில் 2013-இல் கிடைத்தது. ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த சாரா டார்பியும் அவருடைய குழுவும் சுவீடன், டென்மார்க் நாடுகளில் 1958-க்கும் 2001-க்கும் இடையில் மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற 2,168 பெண்களின் பழைய பதிவுகளைத் தோண்டி எடுத்தார்கள். ஒவ்வொருவருடைய இதயத்துக்கும் சராசரியாக எத்தனை 'கிரே' போயிருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். கதிர்வீச்சை அளக்கும் அலகுதான் கிரே. சராசரி 4.9 கிரே. இடப்பக்கம் என்றால் 6.6, வலப்பக்கம் என்றால் 2.9. இதயத்துக்குப் போகும் ஒவ்வொரு கிரேக்கும் மாரடைப்பு போன்ற பெரிய இதயப் பிரச்சினை வரும் வாய்ப்பு 7.4 சதவீதம் கூடியது. "இந்த அளவுக்குக் கீழே பயமில்லை" என்று ஒரு கோடு கிழிக்க முடியவில்லை. சிகிச்சை முடிந்த முதல் ஐந்து வருடத்திலேயே ஆரம்பித்து, இருபது வருடம் தாண்டியும் அந்தக் கூடுதல் ஆபத்து தொடர்ந்தது.

7.4 சதவீதம் என்பதைக் கேட்டால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அது எதில் சதவீதம் என்று பார்க்க வேண்டும். அதே ஆய்வின் கணக்குப்படி 50 வயதில், பி.பி., சர்க்கரை போன்ற இதயத் தொந்தரவு எதுவும் இல்லாத 1,000 பெண்களை எடுத்துக்கொண்டால், கதிர்வீச்சே இல்லாமல் 80 வயதுக்குள் இதய அடைப்பால் இறப்பவர்கள் 19 பேர். இதயத்துக்குச் சராசரியாக 3 கிரே போனால் அது 24 ஆகும். 10 கிரே போனால் 34.

மறுபக்கத்தையும் பாருங்கள். மார்பை முழுதாக எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்த சுமார் 10,800 பெண்களை வைத்து 2011-இல் வெளியான பெரிய தொகுப்பாய்வில், கதிர்வீச்சு பெறாதவர்களில் 100-க்கு 35 பேருக்குப் பத்து வருடத்துக்குள் நோய் திரும்பியது. பெற்றவர்களில் அது 19. பதினைந்து வருடத்தில் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் 1,000-க்கு 252-இலிருந்து 214-ஆகக் குறைந்தார்கள். இந்த இரண்டு கணக்கையும் ஒரே தராசில் துல்லியமாக நிறுத்திவிட முடியாது. ஆண்டுகளும் பெண்களும் வேறு வேறு. ஆனாலும் பலன் எந்தப் பக்கம் கனமாக இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இதயத்துக்குப் பயந்து கதிர்வீச்சை விடுகிறவர், 1,000-க்கு 5 பேருக்கு வரக்கூடியதைத் தவிர்ப்பதாக நினைத்து 38 பேரைக் காப்பாற்றுவதை விடுகிறார்.

ஆனால் நம் ஊருக்கென்று ஒரு கூடுதல் கவனம் தேவை. மேலை நாடுகளைவிட இந்தியாவில் மார்பகப் புற்றுநோய் சுமார் பத்து வருடம் முன்னதாக, நாற்பதுகளின் பின்பாதியிலும் ஐம்பதுகளிலும், அதிகம் வருகிறது. குணமானவர்களுக்கு முன்னால் இன்னும் முப்பது வருட ஆயுள் இருக்கிறது. இதய அடைப்பும் நம் மக்களுக்குச் சீக்கிரமே வருகிறது. சர்க்கரையைச் சொல்லவே வேண்டாம். அடிப்படை ஆபத்து ஏற்கெனவே கூடுதலாக இருக்கிறவருக்கு, அதே 7.4 சதவீதம் எண்ணிக்கையில் கூடுதலாகவே வந்து நிற்கும்.

பிளானிங் நாள்: கேட்க வேண்டியதை அன்றைக்குக் கேளுங்கள்

கதிர் கொடுக்கும் நாட்களைவிட, அதற்கு முன் ஒரு நாள் சி.டி. ஸ்கேன் எடுத்துத் திட்டம் போடுவார்களே, அந்த நாள்தான் இதயத்துக்கு முக்கியம். இதயத்தில் எவ்வளவு படப் போகிறது என்பது அன்றைக்கும் அடுத்த சில நாட்களிலும் கம்ப்யூட்டரில் முடிவாகிவிடும். கதிர் ஆரம்பித்த பிறகு அதை மாற்றுவது சிரமம்.

அன்று உங்களைச் சாய்ந்த பலகையில் படுக்கவைத்து, கையைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு பிடியைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். அறுவைக்குப் பின் தோள் இறுகி, கையைத் தூக்க முடியாமல் போனவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். பிசியோதெரபி டாக்டர் சொன்ன தோள் பயிற்சியை, சுவரில் விரலை ஏற்றிக்கொண்டு போவது உட்பட, ஒரு நாளும் விடாதீர்கள். கை நன்றாக மேலே போனால்தான் கதிரைச் சரியான கோணத்தில் வைக்க முடியும்.

கதிர்வீச்சு டாக்டரிடம் கேட்க வேண்டியது: "டாக்டர், என்னோட மீன் ஹார்ட் டோஸ் எவ்வளவு வருது?" சராசரியாக இதயத்துக்குப் போகும் அளவு என்பதே அதற்கு அர்த்தம். இந்தக் கேள்வியை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். டாக்டரும், கணக்குப் போடும் இயற்பியலாளரும் எப்படியும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் திட்டத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2022 வழிகாட்டுதல்படி 5 கிரேக்குக் கீழே என்றால் குறைந்த ஆபத்து, 5 முதல் 15 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம். மார்பு மட்டும் என்றால் இன்றைய முறையில் 5-க்குக் கீழே கொண்டுவருவது பெரும்பாலும் நடக்கிற காரியம். நெஞ்செலும்பை ஒட்டிய நெறிகட்டிகளுக்கும் சேர்த்துக் கதிர் தேவைப்பட்டால் எண் ஏறும். ஏறினாலும், நோய் பரவியிருக்கும் நிலையைப் பார்த்து டாக்டர் அது வேண்டும் என்றால் வேண்டும்தான்.

கூடவே இன்னும் சில. இடப்பக்கத் தோளுக்குக் கீழே பேஸ்மேக்கர் இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்திருந்தாலும் சொல்லுங்கள். 15 நாள் முறை உங்களுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். முன்பு 5 வாரம், 25 நாள் என்று இருந்ததை, பிரிட்டனில் நடந்த ஆய்வுகளுக்குப் பின் பலருக்கு 3 வாரத்தில் 15 நாளாக முடிக்கிறார்கள். 5 நாளில் முடிக்கும் முறையின் முடிவும் 2020-இல் வெளிவந்தது. தினமும் சங்கரன்கோவிலுக்கும் நெல்லைக்கும் அலைகிறவருக்குப் பத்து நாள் பஸ் மிச்சமாவது சின்ன விஷயம் இல்லை. நடுவில் விட்டுவிடாமல் முழுதாக முடிக்கவும் அது உதவும்.

கோபால்ட் மெஷினா, லீனியர் ஆக்சிலரேட்டரா என்ற கேள்விக்கு என் பதில்: இரண்டாவது கிடைத்தால் நல்லது. கதிரின் ஓரத்தைக் கூர்மையாக வெட்டவும், இதயத்தை மறைக்கவும் அதில் வசதி அதிகம். ஆனால் அதற்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். கீமோ முடிந்து சில வாரங்களில் கதிர் ஆரம்பிக்க வேண்டும். தள்ளிப்போனால் வரும் நஷ்டம் இதயத்தில் மிச்சம் பிடிப்பதைவிடப் பெரிது.

மூச்சைப் பிடித்தல்

இடது மார்புக்கு இதயத்தைக் காப்பாற்ற இப்போது இருக்கிற நல்ல வழிகளில் ஒன்று ஆச்சரியமான அளவுக்கு எளிமையானது. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டால், நுரையீரல் விரிந்து, உதரவிதானம் கீழே இறங்கி, இதயமும் கூடவே கீழும் பின்னுமாக நகர்கிறது. விலா எலும்புக்கும் இதயத்துக்கும் நடுவில் காற்று நிறைந்த நுரையீரல் வந்துவிடுகிறது. மூச்சைப் பிடித்திருக்கும் இருபது விநாடியில் கதிரைக் கொடுத்துவிடுவார்கள். இப்படிச் செய்யும்போது இதயத்தில் படும் அளவு பலருக்குப் பாதிக்குப் பாதி குறைகிறது.

அறையில் நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள். வெளியே இருக்கும் டெக்னீஷியன் கேமராவில் பார்த்தபடி மைக்கில் சொல்வார்: "அம்மா, மூச்ச இழுங்க... இன்னும் கொஞ்சம்... பிடிங்க." கொஞ்ச நேரம் கழித்து, "விடுங்க, சாதாரணமா மூச்சு விடுங்க." வயிற்றின் மேல் ஒரு சின்னப் பெட்டி வைத்திருப்பார்கள், அல்லது மூக்கை மூடி வாயில் ஒரு குழாயைக் கொடுத்திருப்பார்கள். இருமல் வந்தாலோ, பிடிக்க முடியாமல் விட்டுவிட்டாலோ பதற வேண்டாம். மூச்சு அளவு மாறியதும் கதிர் நின்றுவிடும். திரும்பப் பிடித்ததும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பார்கள்.

பிளானிங் நாளுக்கு முன்பே, டாக்டர் சரி என்றதும், வீட்டில் பழகலாம். பாயில் மல்லாந்து படுத்து, இழுக்கிற மூச்சில் வயிறு உப்பாமல் நெஞ்சு எழும்புகிறதா என்று கையை வைத்துப் பாருங்கள். முதல் நாள் பத்து எண்ணுவதற்குள் விட்டுவிடுவீர்கள். நாலைந்து நாளில் இருபதைத் தாண்டிவிடலாம். பக்கத்தில் மகளோ மருமகளோ உட்கார்ந்து எண்ணினால் சுலபம். தறிக்கூடத்தில் தார் சுற்றியே பல வருடம் பஞ்சுத் தூசியை இழுத்தவர்கள், வீசிங் இருக்கிறவர்கள் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். இருபது விநாடி பிடிக்க முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. சிலருக்குக் குப்புறப் படுக்கவைத்துக் கொடுப்பார்கள். சிலருக்குக் கதிரின் ஓரத்தில் தடுப்பு வைத்து இதயத்தை மறைப்பார்கள். மூச்சைப் பிடிக்கவைத்துக் கதிர் கொடுக்கும் வசதி எல்லா மருத்துவமனையிலும் கிடையாது. இருக்கிறதா என்று கேட்பதில் தப்பில்லை.

தோல் பற்றி ஒரு வார்த்தை, இதயத்துக்குச் சம்பந்தமில்லை என்றாலும் நம் ஊரில் சொல்லியே ஆக வேண்டும். கோமதி அம்மன் சன்னிதியின் புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொள்ளுங்கள், யாரும் தடுக்கவில்லை. கதிர் படுகிற நெஞ்சுத் தோலில் மட்டும் பூசாதீர்கள். மஞ்சள், சந்தனம், பவுடர் எதுவும் அங்கே வேண்டாம். டாக்டர் எழுதிக் கொடுத்த களிம்பைத் தவிர வேறொன்றும் படக் கூடாது.

மருந்துகளும் இதயத்தைத் தொடும்

கதிரை மட்டும் குற்றம் சொல்வது நியாயம் இல்லை. கீமோவில் சிவப்பாக ஏறும் மருந்து ஒன்று உண்டு, டாக்ஸோரூபிசின். அது இதயத் தசையைப் பலவீனமாக்கக்கூடியது. வாழ்நாளில் ஏறிய மொத்த அளவு கூடக் கூட ஆபத்தும் கூடும் என்பதால் அளவுக்குள் நிறுத்திக்கொள்கிறார்கள். ஹெர்-2 வகை நோய்க்குப் போடும் டிராஸ்டுசுமாப் ஊசியாலும் இதயத்தின் பம்ப் செய்யும் வலு குறையலாம். இதில் நல்ல விஷயம், ஊசியைக் கொஞ்ச நாள் நிறுத்திவைத்தால் பெரும்பாலும் வலு திரும்பிவிடும். அதனால்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ எடுக்கச் சொல்கிறார்கள். "நல்லாத்தான இருக்கேன், எதுக்கு வீணா செலவு" என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள். கால் வீங்குவது, படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்காருவது ஆகியவை வந்த பிறகு எடுக்கும் எக்கோ தாமதமான எக்கோ.

உங்கள் கையில் இருப்பது

3 கிரேயை 2 கிரே ஆக்குவது டாக்டர் கையில். மற்றதில் பெரும்பகுதி வீட்டில்தான். பி.பி. 130/80-க்குக் கீழே, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 7-க்குப் பக்கத்தில், கெட்ட கொழுப்புக்கு டாக்டர் சொன்ன மாத்திரை என்று இந்த மூன்றும் கட்டுக்குள் இருந்தால் கதிரால் கூடும் ஆபத்தில் கணிசமான பங்கு அடிபட்டுப் போகும். பி.பி., சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த திட்டம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். புற்றுநோய் சிகிச்சை ஓடும் மாதங்களில் அநேகம் பேர் பழைய பி.பி. மாத்திரையை மறந்துவிடுகிறார்கள். அந்த மாதங்களில்தான் அது மிக அவசியம்.

புகையிலை என்றால் பீடி, சிகரெட் மட்டும் இல்லை. வெற்றிலையோடு சேர்த்து அதக்கும் புகையிலையும் இதயத்துக்குக் கெடுதல்தான். வீட்டில் கணவர் பீடி குடிக்கிறவர் என்றால் அதை வாசலுக்கு வெளியே வைத்துக்கொள்ளட்டும், முடிந்தால் விட்டே விடட்டும். புகைக்கிற பெண்களுக்குக் கதிர்வீச்சுக்குப் பின் நுரையீரல் புற்றுநோயும் இதய நோயும் வரும் வாய்ப்பு, புகைக்காதவர்களைவிடப் பல மடங்கு. கதிர் தொடங்கும் நாளன்று விட்டால்கூடப் பலன் உண்டு.

சாப்பாட்டில் நான் ரொம்பக் கட்டுப்பாடு சொல்லப் போவதில்லை. சங்கரன்கோவில் பிரியாணியை மாதத்தில் ஒரு நாள் சாப்பிட்டால் இதயம் நின்றுவிடாது. தினமும் மூன்று வேளையும் தட்டில் இருக்கும் ஊறுகாய், அப்பளம், கருவாடு இவற்றின் உப்புதான் பி.பி.யை ஏற்றுகிறது. நடை முக்கியம். கதிர் ஓடும் நாட்களில் களைப்பு வரும், அரை மணி நேரம் மெதுவாக நடந்தால் அது குறையவே செய்யும். ஆடித்தபசுக்கு 108 சுற்று சுற்றுவதாக வேண்டிக்கொண்டவர்கள் கதிர் முடிந்து தோல் ஆறி, டாக்டர் சரி என்ற பிறகு சுற்றலாம். அதுவும் வெயில் ஏறும் முன், ஒரே மூச்சில் இல்லாமல், பல நாட்களாகப் பிரித்து.

வருடங்கள் கழித்து நெஞ்சு வலித்தால்

இங்கேதான் தப்பு நடக்கிறது. மார்பில் அறுவையும் கதிரும் நடந்த பெண்ணுக்கு அந்தப் பக்கம் ஏதாவது ஒரு வலி இருந்துகொண்டேதான் இருக்கும். தழும்பு இழுக்கும். விலா எலும்பைத் தொட்டால் வலிக்கும். கையை நீட்டிக் கொடியில் துணி போட்டால் சுரீர் என்னும். தொட்டால் வலிப்பது, கையை அசைத்தால் வலிப்பது இவை பெரும்பாலும் தசையும் எலும்பும் தரும் தொந்தரவு. ஆனால் இதே பழக்கத்தால், நிஜமான மாரடைப்பு வலி வரும்போதும் "ஆபரேஷன் பண்ணுன எடம்தான், வாய்வு பிடிச்சிருக்கும், ஒரு சோடா குடிச்சா சரியாப் போயிரும்" என்று உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இதய வலி வேறு மாதிரி. மாடிப்படி ஏறினால், தண்ணீர்க் குடம் தூக்கினால் நடுநெஞ்சில் பாரம் ஏற்றி வைத்தாற்போல அழுத்தும், உட்கார்ந்தால் விடும். அது முன்னெச்சரிக்கை. விடாமல் பத்து நிமிஷத்துக்கு மேல் இருந்து, தாடைக்கோ முதுகுக்கோ கைக்கோ பரவி, குளிர்ந்து வியர்த்தால் அது அவசரம். பெண்களுக்குப் பல சமயம் வலியே இல்லாமல் மூச்சு வாங்குதல், வாந்தி வருவது போன்ற உணர்வு, காரணம் தெரியாத சோர்வு என்றும் வரும். சர்க்கரை இருப்பவர்களுக்கு இன்னும் மங்கலாகத் தெரியும். அப்போது சோடாவும் வேண்டாம், ஓமத் தண்ணீரும் வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். சங்கரன்கோவில் அரசு மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுப்பார்கள். கிராமத்தில் இருப்பவருக்கு ஆரம்ப சுகாதார நிலையம் பக்கம் என்றால் அங்கேயே போகலாம். 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு வருகிறவருக்கு ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டேட்டின் மாத்திரைகளை அங்கேயே கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள்.

உள்ளே போனதும் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டிய வாக்கியம்: "எனக்கு இடது மார்புல கதிர்வீச்சு குடுத்திருக்காங்க, இன்ன வருஷம்." இதைச் சொன்னால் வயது நாற்பத்தைந்துதான், ஒல்லியாக இருக்கிறார், மாரடைப்பாக இருக்காது என்று யாரும் அனுப்பிவிட மாட்டார்கள். ஆஞ்சியோவுக்குப் பின் பைபாஸ் வரை போனால் இந்தத் தகவல் இன்னும் முக்கியம். பைபாஸில் வழக்கமாக எடுத்துப் பொருத்தும் ரத்தக்குழாய் நெஞ்செலும்புக்குப் பின்னால் இடப்பக்கம் ஓடுவது. பழைய கதிர் அதன் மேலும் பட்டிருக்கலாம் என்பது அறுவை செய்கிறவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

ஃபைல்

பத்து வருடம் கழித்து இந்த விவரம் யாருக்கும் ஞாபகம் இருக்காது, கதிர் கொடுத்த மருத்துவமனையில் பழைய பதிவைத் தேடி எடுப்பதும் சுலபம் இல்லை. ஆகவே கடைசி நாள் கதிர் முடிந்ததும் சிகிச்சைச் சுருக்கத்தை எழுதி வாங்காமல் வராதீர்கள். எந்தப் பக்கம், எந்த மாதம், மொத்தம் எத்தனை கிரே, எத்தனை நாள், எந்த மெஷின், இதயத்துக்குச் சராசரி எவ்வளவு, டாக்ஸோரூபிசின் மொத்தம் எத்தனை மில்லிகிராம், டிராஸ்டுசுமாப் எத்தனை ஊசி, கடைசி எக்கோவில் இதய வலு எத்தனை சதவீதம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இல்லாத எண்ணைக் கேட்டு எழுதி வாங்குங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையின் நகலையும் அதோடு சேர்த்து வையுங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை என்ற அந்தக் காப்பீடு கதிர்வீச்சோடு நிற்பதில்லை, பின்னால் வரும் இதய சிகிச்சைக்கும் அதே அட்டைதான்.

அந்தத் தாளைப் போனில் போட்டோ எடுத்து மகனுக்கும் மகளுக்கும் அனுப்பிவிடுங்கள், அவர்கள் திருப்பூரில் இருந்தாலும் சரி, துபாயில் இருந்தாலும் சரி. ஒரு நகல் அரிசி டப்பாவுக்குப் பக்கத்திலோ ரேஷன் கார்டு வைக்கும் பையிலோ இருக்கட்டும். வருடத்துக்கு ஒரு முறை பி.பி., சர்க்கரை, கொழுப்பு, இ.சி.ஜி. பார்க்கும்போது அந்தத் தேதியையும் எண்களையும் அதன் பின்பக்கத்திலேயே எழுதிக்கொண்டு வாருங்கள். இதயத்துக்குப் போன அளவு 15 கிரேக்கு மேல் என்றால், ஐந்தாவது வருடம் இதய டாக்டர் ஒருவரை நேரில் பார்க்கும்போது எடுத்துப்போக வேண்டியதும் இதே தாள்தான்.